உங்கள் விடைத்தாளை யார் வாசிப்பார்? தொலைநிலை இறையியல் படிப்புகள், ஓர் ஒப்பீடு

போன மாதம் ஓசூரிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை. "மாமா, தியாலஜி படிக்கணும்னு ஆசை. வேலையை விட முடியாது. ஆன்லைன்ல ஆறே மாசத்துல பி.டிஎச்.ங்கிற தியாலஜி டிகிரி முடிச்சிரலாம்னு ஒரு விளம்பரம் வந்திருக்கு. சேரட்டுமா?" என்றான். விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவும் செய்தான். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாகப் பத்துப் பேர், ஒரு பூகோள உருண்டை, "சர்வதேச அங்கீகாரம் பெற்றது" என்று தங்க நிற எழுத்து. எந்தச் சர்வதேசம் அங்கீகரித்தது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

"எதுக்குடே படிக்கணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உண்மையைச் சொன்னான். "சபையில பிரசங்கம் பண்ணச் சொல்றாங்க மாமா. ரெண்டு தரம் பண்ணிட்டேன். மூணாந்தரம் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

இறையியல் படிக்க இதைவிட நேர்மையான காரணத்தை நான் கேட்டதில்லை. அவனுக்காக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலையையும் வீட்டையும் விட்டு நாலு வருஷம் செமினரி என்ற இறையியல் கல்லூரியின் விடுதியில் போய் உட்கார முடியாத எல்லாருக்கும் பயன்படலாம். இந்த வழிகளில் மூன்றில் நானே நடந்திருக்கிறேன், ஒன்றில் பாதியில் நின்றிருக்கிறேன். மற்றவற்றை நண்பர்கள் படிக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தவன். கட்டணம் எவ்வளவு, எத்தனை வருஷம், சான்றிதழ் செல்லுமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: நீங்கள் எழுதும் விடையை யார் வாசிப்பார்? வாசித்துவிட்டு உங்களிடம் என்ன சொல்வார்?

ஒன்றை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். சி.எஸ்.ஐ., லுத்தரன், மெத்தடிஸ்ட் போன்ற சபைகளில் குருப்பட்டம் பெற வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், தொலைநிலைக் கல்வி அதற்கான பாதை கிடையாது. உள்ளூர்ச் சேகரத்தின் பரிந்துரை, அதற்கு மேலே உள்ள திருமண்டலத்தின் தேர்வு எல்லாம் தாண்டி, அவர்கள் அனுப்பும் கல்லூரியில் தங்கி பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டுகள், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு யு.டி.சி. எல்லாம் இந்த வகை. கத்தோலிக்கக் குருமாணவர்களுக்கு இதைவிட நீண்ட பாதை. சுயாதீன சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றிலும் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சபைப் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படிப்பை முடித்துச் சான்றிதழோடு போய் நின்ற பிறகு "இது நம்ம சபையில செல்லாதே" என்ற பதிலைக் கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

இலவசத் தபால் பாடங்கள்

கிறிஸ்தவ மாதப் பத்திரிகைகளின் பின்னட்டையில் ஒரு கூப்பன் இருக்கும். வெட்டி, பெயர் எழுதி, கார்டில் ஒட்டிப் போட்டால் இரண்டு வாரத்தில் முதல் பாடம் வரும். எட்டுப் பக்கம், நடுவில் பின் அடித்த தாள், கடைசிப் பக்கம் கேள்விகள். 1994இல் நான் தொடங்கியது இப்படித்தான். "நோவாவின் பேழையின் நீளம் ______ முழம்." முந்நூறு என்று எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் ஒரு டிக் வாங்கித் திரும்பி வரும். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் அந்த டிக்கைப் பார்க்கத்தான் ஓடுவேன்.

ஒருமுறை பவுலின் சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு, தூக்கக் கலக்கமோ என்னவோ, தர்சு என்று எழுதவேண்டிய இடத்தில் தமஸ்கு என்று எழுதிவிட்டேன். தாளை அனுப்பிய பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்த தாளில் அதற்கும் டிக். கூடவே "மிக நன்று" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது: மறுமுனையில் யாராவது வாசிக்கிறார்களா?

அந்தப் பாடங்களைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவையாவது புரட்ட வைத்தது அவைதான். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அவை எவ்வளவு பெரிய துணை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காசும் கிடையாது. இன்று இவற்றில் பெரும்பாலானவை போனுக்கே வந்துவிட்டன. கோடிட்ட இடத்துக்குப் பதில் நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும், டிக் உடனே விழுகிறது. ஆனால் இது வேதபாடம். வசனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடும். அது ஏன் அப்படி இருக்கிறது, யாருக்குச் சொன்னது, இன்றைக்கு என்ன செய்வது என்பதெல்லாம் கேள்வித்தாளில் வராது. தங்கை மகனுக்கு மூன்றாவது பிரசங்கம் இதிலிருந்து கிடைக்கலாம். நான்காவது கஷ்டம்.

குழுவாக உட்கார்ந்து படிப்பது

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு சின்ன நாடு. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஒரு செமினரி இருந்தது. கிராமங்களிலிருந்து தலைநகருக்கு வந்து படித்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பவில்லை. ஊரில் உண்மையாகவே சபையைத் தாங்கிக்கொண்டிருந்தவர்களோ நிலம், பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாத நடுவயதுக்காரர்கள். அப்படியானால் மாணவன் கல்லூரியைத் தேடி வருவானேன், கல்லூரி அவனைத் தேடிப் போகட்டும் என்று 1963இல் முடிவெடுத்தார்கள். வீட்டில் பாடம் படிக்க வேண்டியது. வாரத்துக்கு ஒருநாள் பக்கத்து ஊரில் கூட வேண்டியது. ஆசிரியர் அங்கே வருவார். டி.இ.இ. என்ற விரிவாக்க இறையியல் கல்வி உலகம் முழுக்கப் பரவியது இங்கிருந்துதான். இந்தியாவில் இதற்கென்றே பெங்களூரில் 1971இல் டாஃப்டீ என்ற அமைப்பு தொடங்கியது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பாடங்கள் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறையை விளக்க ஒரு வேலியைச் சொல்வார்கள். மேல் கம்பி வீட்டில் தனியாகப் படிப்பது. கீழ்க் கம்பி சபையில் செய்யும் வேலை. இரண்டையும் தாங்க இடையிடையே நட்ட தூண்கள்தான் வாராந்தரக் கூட்டம். தூணைப் பிடுங்கினால் இரண்டு கம்பியும் தரையில் கிடக்கும்.

இந்த மாதிரிக் குழு ஒன்றில் பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறை, பிள்ளைகளுக்கான குட்டை பெஞ்சு. ஆறு பேர்: ஒரு நர்ஸ் அக்கா, ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர், இரண்டு டீச்சர்கள், ஒரு பஸ் கண்டக்டர், நான். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர்; எங்கள் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம். பழைய பேழையேதான் அங்கேயும் வந்தது. ஆனால் இந்த முறை முழக் கணக்கை யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் அண்ணன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ஐயரே, ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்துல ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜோடின்னு ஏத்தச் சொல்லுது. ஏழாம் அதிகாரத்துல சுத்தமான மிருகத்துல ஏழேழு ஜோடிங்குது. கணக்கு இடிக்குதே. எத்தனை டிக்கெட் கிழிக்க?" என்றார்.

ஐயர் சிரித்துவிட்டு, இரண்டு இடத்தையும் உரக்க வாசிக்கச் சொன்னார். ஆறாம் அதிகாரத்தின் முடிவில் நோவா "தேவன்" கட்டளையிட்டபடி செய்தான் என்று இருக்கிறது. ஏழாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் "கர்த்தர்" கட்டளையிட்டபடி செய்தான் என்று இருக்கிறது. நம் தமிழ் வேதாகமமே இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, இத்தனை நாள் நாம்தான் கவனிக்கவில்லை. இரண்டு பழைய மரபுகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்று அறிஞர்கள் பலர் சொல்வதை அவர் விளக்கினார். முதலில் பொதுவான கட்டளை, பின்னால் விவரமான கட்டளை, கூடுதல் ஜோடிகள் எட்டாம் அதிகாரத்தில் வரும் பலிக்காக என்று மறுதரப்பு சொல்வதையும் அதே அளவு நேரம் எடுத்து விளக்கினார். ஹெட்மாஸ்டர் சார் முகம் சிவந்து, "இதெல்லாம் வேதத்தைச் சந்தேகப்படுற பேச்சு" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நாலு பக்கம் மறுப்பு எழுதிக்கொண்டு வந்தார். ஐயர் அதை முழுசாக வாசித்து, இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டு, "இது நல்ல வாதம், இது வெறும் கோபம்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். நான் பார்த்த இறையியல் வகுப்புகளிலேயே நல்ல வகுப்பு அந்த நாலு பக்கம்தான்.

ஆனால் இந்த முறை முழுக்க நடத்துபவரின் தலையில் நிற்கிறது. அந்த ஐயர் மகன் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போனார். குழு நாலு மாதத்தில் கலைந்தது. ஆறு பேரில் பாடத்தை முடித்தது இரண்டு பேர், அதில் நான் இல்லை. சில இடங்களில் நடத்துபவர் கையேட்டில் உள்ள விடைகளை வாசித்துவிட்டு ஜெபம் பண்ணி முடித்துவிடுவார். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம். 2020க்குப் பிறகு பல குழுக்கள் ஜூமுக்கு மாறியதில் ஊர்த் தூரம் என்ற பிரச்சினை போயிற்று. கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் சுலபமாகிவிட்டது, ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

செராம்பூர் எக்ஸ்டர்னல்

வில்லியம் கேரி, மார்ஷ்மேன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818இல் வங்காளத்தில் தொடங்கிய கல்லூரி செராம்பூர். ஊர் அப்போது டென்மார்க்காரர்கள் கையில். 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தார். நம் தரங்கம்பாடிக்கும் அதே அரசர்தான். இரண்டு ஊரையும் 1845இல் ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கடற்கரையும், நம்மூர் ஐயர்மார் வாங்கும் பட்டமும் ஒரே கொடியின் கீழ் இருந்தவை என்பது எனக்குப் பிடித்த தகவல், அதனால் சொன்னேன். 1918ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டப்படி, இறையியல் படிப்புகளைக் கவனிக்கும் செனட் என்ற குழு அமைந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இறையியல் கல்லூரிகள் இன்று அதோடு இணைந்திருக்கின்றன. அரசரடியும் குருகுலும் யு.டி.சி.யும் அதில் அடக்கம்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காகச் செனட் நடத்துபவை டிப்ளமா இன் கிறிஸ்டியன் ஸ்டடீஸ், பேச்சலர் ஆஃப் கிறிஸ்டியன் ஸ்டடீஸ் என்ற படிப்புகள். முக்கியமாகச் சபை மக்களை, அதாவது ஆசிரியர்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்றவர்களை மனதில் வைத்து உருவானவை. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கிறிஸ்தவக் கோட்பாடு, பிற சமயங்கள், சமூகம் என்று பாடங்கள் பரவலாக இருக்கும். தபால் பாடத்திலிருந்து நேரே இங்கே வருபவர்களுக்கு மூச்சு முட்டும். எனக்கு முட்டியது.

இதில் சுமை இரண்டு. ஒன்று வாசிப்பு. பாடநூல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. வேதாகம விளக்கவுரைகள், அகராதிகள் பக்கத்தில் வேண்டும். செமினரி நூலகம் இருக்கும் ஊரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். இரண்டு, பரீட்சை. கல்லூரியை விட்டு இருபது வருஷம் கழித்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேனாவால் எழுதிப் பாருங்கள்! ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு விரல் மடங்கிவிட்டது. கடைசிக் கேள்வியை உதறி உதறி எழுதினேன். அடுத்த தாளுக்கு முன் ஒரு மாதம் தினமும் காலையில் ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

என் கேள்விக்கு இங்கே பதில் பாதிதான். வெளிநிலைத் தேர்வு எதுவானாலும் உங்கள் தாளைத் திருத்துபவர் பாடம் தெரிந்தவர், பொறுப்பாகத்தான் வாசிப்பார். ஆனால் அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. மதிப்பெண் வரும், உரையாடல் வராது. அந்தப் பாதியை நீங்களேதான் நிரப்ப வேண்டும். ஊரில் அதே படிப்பைப் படிக்கும் இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். நான் பிடித்தது நாகர்கோவிலில் ஒரு கணக்கு டீச்சர். ஞாயிறு இரவு போனில் ஒரு மணி நேரம். பேச்சில் பாதி சண்டை, அதுவும் படிப்புத்தானே.

"இதைப் படிச்சா விசுவாசம் போயிருமா?" என்று வீட்டில் கேட்பார்கள். செராம்பூர் வழிப் படிப்பில் வேதாகமத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் முறை உண்டு. வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்கள் எப்படித் தொகுக்கப்பட்டன என்பதை ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்கள். பேழைக் கணக்கு கண்டக்டரை உறுத்தியது போல உங்களை எப்போதாவது உறுத்தியிருந்தால் இந்தப் படிப்பு நிம்மதிதான் தரும். உறுத்தாதவர்களுக்கு முதல் ஆறு மாதம் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கும். எனக்குப் போனது விசுவாசம் அல்ல, தூக்கம்.

ஆன்லைன் செமினரிகளும் "அங்கீகாரம்" என்ற வார்த்தையும்

செராம்பூரோடு சேராத சுவிசேஷக் கல்லூரிகள் நாடு முழுக்க இருக்கின்றன. அவற்றில் பல, 1970இல் தொடங்கிய ஏ.டி.ஏ. என்ற ஆசிய இறையியல் சங்கத்தின் தர அங்கீகாரத்தை வைத்திருக்கின்றன. வேதாகமத்தை அணுகும் விதத்தில் இவை பொதுவாகப் பழமை காப்பவை. ஹெட்மாஸ்டர் சாருக்கு இங்கே மனசு ஒட்டியிருக்கும். நல்ல கல்லூரிகளில் இரவு எட்டு மணிக்கு நேரடி ஆன்லைன் வகுப்பு, இருபது முப்பது பேர், வாரம் ஒரு கட்டுரை, அதற்கு ஆசிரியரின் குறிப்பு என்று ஒழுங்காக நடக்கிறது. இதே பெயரில் வேறு சில இடங்களில் பி.டி.எஃப். கட்டு ஒன்று மெயிலில் வரும், மாதக் கடைசியில் கூகுள் ஃபார்ம் வரும், பணம் கட்டியதும் பட்டமும் வரும்.

எது எது என்று கண்டுபிடிக்க அங்கீகாரம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்த வார்த்தை மூன்று விதமாகப் புழங்குகிறது. அரசு வேலைக்கும் பொதுப் பல்கலைக்கழக மேற்படிப்புக்கும் செல்வது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் ஏற்பு, தொலைநிலைப் படிப்பு என்றால் அதற்கென்று இருக்கும் யு.ஜி.சி. பிரிவின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். செராம்பூர் செனட்டோடு இணைப்பு என்பது இரண்டாவது; சி.எஸ்.ஐ. போன்ற சபைகளுக்குள் அதற்குத்தான் மதிப்பு. மூன்றாவது ஏ.டி.ஏ. போன்ற இறையியல் சங்கங்களின் தரச் சான்று. செமினரிகளுக்கு இடையில் செல்லும், அரசு அலுவலகத்தில் செல்லாது. இந்த மூன்றுக்கும் வெளியே "டிரஸ்ட் பதிவு எண்", "ஐ.எஸ்.ஓ. சான்று", "அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டது" என்றெல்லாம் போட்டிருந்தால், அவை கல்வித் தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். டீக்கடைக்கும் பதிவு எண் உண்டு.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். கன்வென்ஷன் போஸ்டர்களில் டாக்டர் பட்டம் இல்லாத போதகரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஒரு தாளும் எழுதாமல், ஹோட்டல் அரங்கில் சால்வையோடு வாங்கிய கௌரவ டாக்டர் பட்டங்கள் அவற்றில் எத்தனை என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆறு வருஷம் உட்கார்ந்து ஆய்வு செய்து வாங்கிய ஒருவரின் பெயருக்கு முன்னாலும் அதே நாலெழுத்துதான் நிற்கிறது, பாவம்.

தங்கை மகனிடம் அந்த ஆறு மாத விளம்பர நம்பருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். கட்டுரையைத் திருத்துபவர் யார், அவர் எங்கே படித்தார்? திருத்திய கட்டுரை குறிப்போடு திரும்பி வருமா? இங்கே படித்த யாரிடமாவது நான் பேசலாமா? முதல் கேள்விக்கே "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் பிரதர்" என்று வைத்துவிட்டார்களாம். அப்புறம் தினமும் "கடைசி நாள் தள்ளுபடி" என்று மெசேஜ் மட்டும் வருகிறதாம்.

மற்ற சில வழிகள்

வேலைக்குப் பயன்படும் பட்டம்தான் நோக்கம் என்றால் இறையியலைச் சுற்றிப் போக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறை இருக்கிறது, ஆனால் அங்கே நேரில் போய்ப் படிக்க வேண்டும். இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தத்துவ எம்.ஏ. தொலைநிலையில் இருக்கிறது; இறையியல் இல்லைதான், ஆனால் இறையியல் வாசிக்க நல்ல அஸ்திவாரம், அரசு ஏற்புள்ள பட்டமும் கூட.

வெளிநாட்டுச் செமினரிகள் ஆன்லைனில் எம்.டிவ். என்ற முதுநிலை இறையியல் பட்டம் வரை தருகின்றன. அமெரிக்க முறையில் அது குறைந்தது 72 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் இடங்களே அதிகம். பெருக்கிப் பார்த்தால் ஊரில் ஒரு மனை வாங்கிவிடலாம். உதவித்தொகை உறுதியானால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையினர் 1967இல் தொடங்கிய ஐ.சி.ஐ. அஞ்சல் கல்வி, 2000இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து குளோபல் யுனிவர்சிட்டி ஆனது. பெந்தெகொஸ்தே பின்னணி உள்ளவர்கள் அதையும் விசாரிக்கலாம்.

காசே இல்லாமல் உயர்ந்த தரம் வேண்டுமா, யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்புகளை அப்படியே படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. கிறிஸ்டின் ஹேஸ் நடத்திய பழைய ஏற்பாட்டு அறிமுகம் 24 வகுப்புகள், டேல் மார்ட்டின் நடத்திய புதிய ஏற்பாட்டு அறிமுகம் 26. பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கும் என்பதால் ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறுபவர்களும் சமாளிக்கலாம். விசுவாசத்துக்குள் நின்று பேசும் வகுப்புகள் அல்ல அவை. பல்கலைக்கழக வகுப்புகள், அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ஆனால் நீங்கள் எதுவும் எழுதப்போவதில்லை, யாரும் வாசிக்கப்போவதும் இல்லை. பத்து வகுப்பு கேட்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு மிதப்பு வரும். எனக்கு வந்தது, கணக்கு டீச்சர் இரண்டே கேள்வியில் இறக்கிவிட்டார்.

கத்தோலிக்கர்களுக்கு முதலில் கேட்கவேண்டிய இடம் மறைமாவட்ட விவிலியப் பணிக்குழு. திண்டிவனத்தில் உள்ள தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையம்தான் 1995இல் இந்திய வேதாகமச் சங்கத்தோடு சேர்ந்து திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தது. தமிழில் விவிலியம் படிக்க நினைக்கும் யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முகவரி. இலங்கையில் இருப்பவர்களுக்கு, 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் செமினரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கற்பிக்கிறது.

தமிழிலா, ஆங்கிலத்திலா

கட்டணத்தைவிட இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் படித்தால் மதிப்பு, புத்தகமும் ஏராளம். உண்மைதான். ஆனால் நீங்கள் நிற்கப்போவது தமிழ்ச் சபையில். "ஜஸ்டிஃபிகேஷன்" என்று பத்துப் பக்கம் அருமையாகக் கட்டுரை எழுதியவர் பிரசங்க பீடத்தில் ஏறி அந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடித் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பில் அது நீதிமானாக்கப்படுதல்; பொது மொழிபெயர்ப்பில் கடவுளுக்கு ஏற்புடையவராதல். இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றனவா என்று கேட்டாலே அரை மணி நேர வகுப்பு வந்துவிடும். யோவான் முதல் வசனத்தை ஒன்றில் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று வாசிக்கிறோம், மற்றதில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்று வாசிக்கிறோம். வாக்கு என்றதும் "வாக்குக் கொடுத்தான், வாக்குத் தவறினான்" என்று தமிழ் மனசு எங்கெங்கோ போகிறது. இந்த வளம் ஆங்கிலப் பாடத்தில் கிடைக்காது.

என் யோசனை: முதல் இரண்டு வருஷம் தமிழில் படியுங்கள், துணைக்கு ஆங்கிலப் புத்தகம் வையுங்கள். கிரேக்கு, எபிரேயம் இரண்டையும் தொலைவிலிருந்து கற்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வாயால் சொல்லி, தப்பினால் உடனே திருத்த ஒருவர் எதிரில் வேண்டும். அதுவரை கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் என்ற வேதாகம ஆய்வு மையத்தில் உருவான, இலவசமான ஸ்டெப் பைபிள் இணையதளம் போதும். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் மூலச் சொல்லும் அது வரும் மற்ற இடங்களும் விரியும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் எந்தப் படிப்பும் ஓடாது. லெந்து என்ற தவக்காலத்திலும் டிசம்பரிலும் சபை வேலை கழுத்தைப் பிடிக்கும், அந்த இரண்டு மாதத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் இனி உங்களுடையது இல்லை.

தங்கை மகனுக்கு நான் சொன்னது குழுப் படிப்பு, தமிழில், ஒரு வருஷம். அது நிலைத்தால் அப்புறம் செராம்பூர் டிப்ளமா. ஓசூரிலேயே அவன் சபையில் மூன்று பேர் கிடைத்தார்கள், அதில் ஒருவர் அவன் லைனிலேயே வேலை பார்ப்பவர். நடத்த ஒப்புக்கொண்டது ஊருக்கு வெளியே குடியிருக்கும் ஓய்வுபெற்ற போதகர் அம்மா ஒருவர். வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு இரண்டாவது ஷிப்ட் வரும், அந்த வியாழன் போக முடியாது. அதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "பரவாயில்ல தம்பி, நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. நான் பிரின்ட் போட்டு சிவப்பு மையில திருத்தி வைக்கேன், ஞாயித்துக்கிழமை கோவில்ல வாங்கிக்கோ" என்றாராம். முதல் தாள் திரும்பி வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே ஆறு இடத்தில் சிவப்பு என்று புலம்புகிறான்.